முதல் லென்ஸ் எதை வாங்குவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லென்ஸ் மாற்றக்கூடிய கேமரா ஒன்றை வாங்கிவிட்டு, அல்லது வாங்கும் யோசனையில் இருந்துகொண்டு, "எல்லாத்துக்கும் உதவுற மாதிரி ஒரு லென்ஸ் சொல்லுங்க" என்று கேட்பவர்களுக்கு இதே பதில்களைத் துண்டு துண்டாக எழுதி எழுதி அலுத்துவிட்டது. அதனால் மொத்தத்தையும் இங்கே கொட்டுகிறேன். இதில் பாதி கணக்கு, மீதி என் சொந்த அபிப்பிராயம். எது எது என்று படிக்கும்போதே தெரிந்துவிடும்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், எதை வாங்கட்டும்?

உங்களிடம் இருப்பது க்ராப் சென்சார் கேமரா என்றால் (தொடக்க நிலைக் கேமராக்கள் பெரும்பாலும் இந்த வகைதான்) 17 அல்லது 18 மி.மீ.யில் தொடங்கி 50, 70 வாக்கில் முடிகிற, முழுக்க எஃப் 2.8 இருக்கிற ஜூம் லென்ஸ். அவ்வளவு செலவு செய்ய முடியாது என்றால் கேமராவோடு பெட்டியில் வரும் கிட் லென்ஸே போதும், சில மாதம் கழித்து 35 மி.மீ. எஃப் 1.8 பிரைம் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். ஃபுல் ஃபிரேம் கேமரா என்றால் 24-105 எஃப் 4, அல்லது 28-75 எஃப் 2.8. இதில் எந்த எண்ணும் புரியவில்லை என்றாலும் பரவாயில்லை, கீழே ஒவ்வொன்றாக வருகிறது.

18-55, எஃப் 3.5-5.6 என்று லென்ஸில் எழுதியிருக்கிறதே, அது என்ன?

18-55 என்பது குவியத் தூரம், மில்லிமீட்டரில். எண் சிறியதாக இருந்தால் காட்சி அகலமாக விழும், ஒரு அறை முழுவதும் அடங்கும். எண் பெரிதாக ஆக ஆகத் தூரத்தில் இருப்பது கிட்டே வரும். 18-இலிருந்து 55 வரை வளையத்தைத் திருப்பி மாற்றிக்கொள்ளலாம் என்றால் அது ஜூம். 35 என்று ஒரே எண் மட்டும் இருந்தால் அது பிரைம், கிட்டே போகவும் விலகவும் உங்கள் கால்கள்தான் ஜூம்.

எஃப் எண் கொஞ்சம் குழப்பும், ஏனென்றால் அது தலைகீழ்க் கணக்கு. குவியத் தூரத்தை லென்ஸின் வாய் எவ்வளவு திறக்கிறதோ அந்த விட்டத்தால் வகுத்தால் கிடைப்பது எஃப் எண். 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸுக்கு வாய் சுமார் 28 மி.மீ. அகலம். கிட் லென்ஸை 55-க்குத் திருப்பினால் எஃப் 5.6, அதாவது வாய் 10 மி.மீ.க்குக் கொஞ்சம் கீழே. எண் சிறியதானால் வெளிச்சம் அதிகம், இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எஃப் 5.6-க்கும் 1.8-க்கும் நடுவில் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்ச வித்தியாசம் இருக்கிறது. மாலை நேரத்து அறையில் எஃப் 5.6 லென்ஸ் 1/20 நொடி ஷட்டர் வேகம் (வெளிச்சம் உள்ளே விழும் நேரம்) கேட்டு, ஓடுகிற குழந்தையைக் கோடு கோடாக இழுத்துவிடும், மற்றது அதே வெளிச்சத்தில் ஏறக்குறைய 1/200 நொடியில் அதே குழந்தையை நிறுத்திப் பிடித்துவிடும்.

3.5-5.6 என்று இரண்டு எண் இருப்பது ஏன் என்றால், 18-இல் 3.5 வரை திறக்கிற லென்ஸ் 55-க்குப் போகும்போது 5.6-க்குச் சுருங்கிவிடுகிறது. எஃப் 2.8 என்று ஒரே எண் போட்ட ஜூம் எந்த இடத்திலும் 2.8 தரும். விலையும் எடையும் ஏறுவது அதற்குத்தான்.

க்ராப் சென்சார் என்றால் மட்டமான சென்சாரா?

இல்லை, சிறிய சென்சார், அவ்வளவுதான். ஃபுல் ஃபிரேம் என்பது பழைய பிலிம் அளவு, 36-க்கு 24 மி.மீ. க்ராப் சென்சார் அதைவிடச் சிறியது, நிக்கான், சோனி, ஃபியூஜி கேமராக்களில் நீளப் பக்கம் சுமார் 23.5 மி.மீ., கேனனில் இன்னும் ஒரு மயிரிழை குறைவு. லென்ஸ் அதே படத்தைத்தான் விழ வைக்கிறது, சென்சார் அதன் நடுப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்கிறது. அதனால் 50 மி.மீ. லென்ஸ் அங்கே 75 மி.மீ. போலப் பார்க்கும், கேனனில் 80 போல. 1.5, 1.6 என்று பெருக்குவது இதற்காகத்தான். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் கேமரா (ஒலிம்பஸ், பானசோனிக் கேமராக்களில் வரும் இன்னும் சிறிய சென்சார்) என்றால் இரண்டால் பெருக்குங்கள்.

இந்த ஒரு பெருக்கல் தெரியாமல்தான் முதல் லென்ஸில் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். நானும் வழுக்கினேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

கிட் லென்ஸ் குப்பை, கேமராவை மட்டும் வாங்கு என்கிறார்களே?

சொல்பவர்களிடம் அவர்கள் எடுத்த படங்களைக் கேளுங்கள். இன்றைய கிட் லென்ஸை எஃப் 8-இல் வைத்து வெயிலில் எடுத்த படத்தையும், பல மடங்கு விலையுள்ள லென்ஸில் அதே இடத்தில் எடுத்த படத்தையும் போன் திரையில் காட்டினால் எது எது என்று பெரும்பாலும் யாராலும் சொல்ல முடியாது. அதன் உண்மையான குறை கூர்மை இல்லை, வெளிச்சம். பகலில் அது நல்ல லென்ஸ், விளக்கு போட்ட பிறகு அது திணறும்.

இன்னொன்று, எல்லா கிட் லென்ஸும் ஒன்று கிடையாது. ஃபியூஜியின் பழைய 18-55, எஃப் 2.8-4 இருக்கிறதே, அது பல கேமராக்களோடு பெட்டியில் வந்த லென்ஸ்தான், ஆனால் தனியாகத் தேடி வாங்கவும் தகுதியானது. மறுபக்கம், கேனனின் 18-45 எஃப் 4.5-6.3 கையடக்கமானது, பையில் இருப்பதே தெரியாது, ஆனால் மங்கிய வெளிச்சத்தில் அதோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். பெட்டியில் என்ன எண் போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பேசுவது நல்லது.

கேமராவோடு சேர்த்து வாங்கும்போது கிட் லென்ஸுக்காகக் கூடும் தொகை, அதையே தனியாக வாங்கும் விலையைவிடப் பொதுவாகக் குறைவாகவே இருக்கும். பிற்பாடு விற்றாலும் பெரிய நட்டம் வராது. உங்களுக்கு எந்தக் குவியத் தூரம் பிடிக்கும் என்று கண்டுபிடிக்க அதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை.

எல்லோரும் முதலில் 50 மி.மீ. எஃப் 1.8 வாங்கச் சொல்கிறார்கள். சரிதானே?

ஃபுல் ஃபிரேமில் சரி. க்ராப் சென்சாரில் முதல் லென்ஸாக, அதுவும் ஒரே லென்ஸாக, வேண்டாம்.

இந்த அறிவுரை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் விஷயம் விளங்கும். 1925-இல் விற்பனைக்கு வந்த முதல் லைக்கா கேமராவிலேயே 50 மி.மீ. லென்ஸ்தான். அதன் பிறகு வந்த பிலிம் கேமராக்களோடு பல காலம் 50-ஐ ஒட்டிய ஒன்றையே சேர்த்து விற்றார்கள். பிலிமின் மூலைவிட்டம் சுமார் 43 மி.மீ., அதற்குப் பக்கத்தில் உள்ள குவியத் தூரம் நம் கண் பார்ப்பது போன்ற இயல்பான காட்சியைத் தரும் என்பது கணக்கு. புகழ்பெற்ற பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே-ப்ரேசோன் தன் வேலையில் பெரும்பகுதியை 50 மி.மீ.யிலேயே செய்தார். எல்லாம் உண்மை, ஆனால் எல்லாம் 36 மி.மீ. அகலப் பிலிமில். அந்த அறிவுரை அப்படியே இறங்கி இறங்கி, சென்சார் சுருங்கிய பிறகும் மாறாமல் நம் காதுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

க்ராப் சென்சாரில் என்ன ஆகும் என்று ஒரு சின்னக் கணக்கு போடலாம். 1.7 மீட்டர் உயரமுள்ள ஒருவரைத் தலை முதல் கால் வரை, கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து எடுக்க வேண்டும். மேலும் கீழும் கொஞ்சம் இடம் விட்டால் 50 மி.மீ.க்கு நீங்கள் சுமார் 4 மீட்டர் பின்னால் நிற்க வேண்டும். 35-க்கு 2.8 மீட்டர், 18-க்கு ஒன்றரை மீட்டர். இனி மூன்று மீட்டர் அகலத்துக்கு வரிசையாக நிற்கும் குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள், 50-க்கு 6.4 மீட்டர், 35-க்கு நாலரை, 18-க்கு 2.3 மீட்டர். உங்கள் வீட்டு அறையை அளந்து பாருங்கள்.

நான் அளக்கவில்லை. கேமராவை மட்டும் வாங்கி, கிட் லென்ஸை மிச்சம் பிடித்து, பெருமையாக ஒரு 50-ஐ மாட்டிக்கொண்டு உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் போனேன். முகங்கள் அழகாக விழுந்தன, ஒருவர், அதிகம் போனால் இருவர். "எல்லாரும் சேர்ந்து ஒண்ணு எடுப்பா" என்றபோது பின்னால் போய்ப் போய் முதுகு சுவரில் முட்டியது, அப்புறம் கதவைத் திறந்து வெளியே நின்று வாசல் சட்டத்தின் வழியாக எடுத்தேன். இரண்டு ஓரத்திலும் ஆளுக்கு ஒரு தோள் வெட்டுப்பட்டது. கடைசியில் ஒரு சித்தப்பா தன் போனில் எடுத்த படத்தைத்தான் எல்லோரும் பகிர்ந்துகொண்டார்கள்.

50 மோசமான லென்ஸ் என்று சொல்ல வரவில்லை. கேனனின் 50 எஃப் 1.8 வெறும் 160 கிராம், ஒருவர் முகத்தை எடுக்க அருமையான பொருள். இரண்டாவது லென்ஸாக வரட்டும்.

அப்படியென்றால் 35 மி.மீ. பிரைமே போதுமா?

க்ராப் சென்சாரில் 35 என்பது ஏறக்குறைய பழைய 50-இன் பார்வை, அதாவது அந்தப் பழைய அறிவுரை உண்மையில் உங்களுக்குச் சொல்ல வேண்டியிருந்த எண். நிக்கான் 2009-இல் கொண்டுவந்த 35 மி.மீ. எஃப் 1.8 டிஎக்ஸ் (நிக்கானின் க்ராப் சென்சார் வரிசை) லென்ஸ் 200 கிராம்தான், இன்றும் பழைய நிக்கான் டிஎஸ்எல்ஆர் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி வைத்த பழைய வகைக் கேமரா) வைத்திருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்லும் பெயர் அது. கேனன் டிஎஸ்எல்ஆர்காரர்களுக்கு 24 மி.மீ. எஃப் 2.8 என்று ஒரு தட்டை லென்ஸ் உண்டு, 125 கிராம், பிஸ்கட் போல இருக்கும், 16 சென்டிமீட்டர் வரை கிட்டே போய் எடுக்கலாம். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் இதே வேலைக்கு 25 மி.மீ.

ஆனால் ஒரே லென்ஸாகப் பிரைம் வைத்துக்கொள்வது ஆளைப் பொறுத்தது. சிலருக்கு அந்தக் கட்டுப்பாடு பிடிக்கும். சிலருக்கு மூன்றாம் நாளே எரிச்சல் வரும், முக்கியமாகக் கூட்டத்தோடு ஊர் சுற்றுபவர்களுக்கு, ஏனென்றால் நீங்கள் ஒரு கட்டடத்துக்காகப் பின்னால் நடந்துகொண்டிருக்கும்போது மற்றவர்கள் அடுத்த இடத்துக்குப் போயிருப்பார்கள். நீங்கள் எந்தக் கட்சி என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. கிட் லென்ஸை 35-இல் நிறுத்தி, வளையம் நகராதபடி ஒரு துண்டு டேப் ஒட்டி, ஒரு வாரம் அப்படியே எடுங்கள். காசு செலவில்லை.

18-300 மாதிரி ஒரே லென்ஸில் எல்லாம் இருக்கிறதே, அதை வாங்கினால் வேலை முடிந்ததா?

"எல்லாவற்றுக்கும்" என்ற சொல்லை நாம் தப்பாகப் புரிந்துகொள்வது இங்கேதான். எவ்வளவு தூரம் எட்டும் என்பதை வைத்தே லென்ஸின் பயனை அளக்கிறோம். சாதாரண ஒரு மாதத்தில் நீங்கள் எதையெல்லாம் எடுக்கிறீர்கள் என்று யோசியுங்கள். வீட்டுக்குள் ஆட்கள், தெரு, பயணம், நண்பர்கள் வட்டம், எப்போதாவது ஒரு மலைக்காட்சி. இதில் 300 மி.மீ. எங்கே வருகிறது? இடமும் வெளிச்சமும்தான் வேலைக்கு வேலை போதாமல் போகிறது, தூரம் அல்ல. அகலப் பக்கம் 18 இருக்கிறதா, மங்கிய வெளிச்சத்தில் தாங்குமா, வெளியே கிளம்பும்போது கையில் எடுக்கத் தோன்றுகிற எடையா, நான் பார்ப்பது இந்த மூன்றையும்தான்.

மற்ற நிறுவனங்களின் கேமராக்களுக்கு லென்ஸ் செய்யும் டாம்ரானின் 18-300 எஃப் 3.5-6.3 நன்றாகவே செய்யப்பட்ட லென்ஸ், அதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் 620 கிராம். தொடக்க நிலைக் கேமரா பலவற்றைவிட லென்ஸே கனம். நீட்டிய நிலையில் எஃப் 6.3, அதனால் சூரியன் இறங்கியதும் ஐஎஸ்ஓ (வெளிச்சம் போதாதபோது படத்தைப் பிரகாசமாக்கும் அளவு) ஏறும், படத்தில் மணல் தூவும். பட்டப்பகலில் பயணம், லென்ஸ் மாற்றவே பிடிக்காது, பாலைவனத்தூசி, காட்டுச் சவாரி என்றால் அது சரியான கருவி. நடுவழியாக ஒன்று உண்டு. கேனனின் 18-150, நிக்கான் இசட் மவுண்டின் (மவுண்ட் என்பது கேமராவில் லென்ஸ் மாட்டும் அமைப்பு) 18-140, இரண்டும் 300 கிராமைச் சற்றே தாண்டும். கிட் லென்ஸாகவே இவற்றோடு கேமரா கிடைத்தால், பகல் வேலைதான் அதிகம் என்றால், தயங்காமல் எடுக்கலாம்.

எஃப் 2.8 ஜூம் என்றீர்களே, பெயர் சொல்லுங்கள்.

சிக்மா 18-50 எஃப் 2.8. 2021-இல் வந்தது, முதலில் சோனி, எல் (பானசோனிக், லைக்கா, சிக்மா பயன்படுத்துவது) மவுண்ட்களுக்கு, பிறகு ஃபியூஜிக்கு, 2024-இல் கேனன் ஆர்எஃப் மவுண்டுக்கும். எடை 300 கிராமை ஒட்டித்தான். 18-இல் வைத்து 12 சென்டிமீட்டர் வரை நெருங்கலாம், பூ, கைவேலை, தட்டு எல்லாம் எடுக்க வசதி. லென்ஸுக்குள் அதிர்வு தடுப்பு (கைநடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி) இல்லை என்பது ஒரே குறை. கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைச் சொல் என்றால் இதைத்தான் சொல்வேன்.

டாம்ரான் 17-70 எஃப் 2.8, சோனிக்கும் ஃபியூஜிக்கும். அதிர்வு தடுப்பு உண்டு, எட்டும் தூரமும் கூடுதல், ஆனால் 525 கிராம், சின்ன கேமராவில் மாட்டினால் முன்பக்கம் தொங்கும். வீடியோவும் எடுப்பவர்களுக்கு இது மேல்.

டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்கள் சிக்மாவின் 17-50 எஃப் 2.8-ஐப் பழைய சந்தையில் தேடலாம். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் ஒலிம்பஸ் 12-40 எஃப் 2.8. இந்தப் பட்டியல் வளர்ந்துகொண்டேதான் போகும், எண்களைப் பார்க்கக் கற்றுக்கொண்டால் பெயர்கள் தானாகக் கிடைக்கும்.

பின்னணி மங்கலாக வர வேண்டும், அதற்காகத்தான் கேமராவே வாங்கினேன்.

நேர்மையான காரணம். இதற்கு எஃப் எண் மட்டும் காரணம் என்று நினைக்காதீர்கள். ஆள் உங்களுக்கு எவ்வளவு கிட்டே, பின்னணி ஆளுக்கு எவ்வளவு தூரத்தில், குவியத் தூரம் எவ்வளவு, எஃப் எண்ணோடு இந்த மூன்றும் சேர்ந்துதான் மங்கலைத் தீர்மானிக்கின்றன. கிட் லென்ஸை 55-க்குத் திருப்பி, எஃப் 5.6-இல், ஆளை ஒன்றரை மீட்டரில் நிறுத்தி, அவருக்குப் பின்னால் பத்து மீட்டருக்கு எதுவும் இல்லாதபடி பார்த்து எடுங்கள். பலர் சுவரோடு ஒட்டி நிற்க வைத்துவிட்டு லென்ஸைத் திட்டுகிறார்கள்.

கிட்டே போவதில் ஓர் எச்சரிக்கை. 18-இல் வைத்து முகத்துக்கு நேரே போனால் மூக்கு பெரிதாகும், காது மறையும். இது லென்ஸின் குற்றம் இல்லை, தூரத்தின் வேலை. தலையும் தோளும் மட்டும் வேண்டுமென்றால் 35-இல் ஏறக்குறைய 90 சென்டிமீட்டரில் நிற்பீர்கள், 50-இல் 1.3 மீட்டர். அந்தக் கூடுதல் தூரம்தான் 50-இல் முகம் அழகாக விழுவதன் ரகசியம்.

அதிர்வு தடுப்பு கட்டாயம் வேண்டுமா?

உங்கள் கைநடுக்கத்தை அது தடுக்கும், எதிரில் ஓடுகிற ஆளை அது நிறுத்தாது. அசையாத பொருள், மங்கிய வெளிச்சம் என்றால் பெரிய உதவி. குழந்தை, நாய், நடனம் என்றால் ஷட்டர் வேகம்தான் காப்பாற்றும், அதற்கு எஃப் எண் வேண்டும்.

அது இல்லாத லென்ஸில் பழைய விதியைப் பின்பற்றுங்கள். குவியத் தூரம் எவ்வளவோ அதற்குக் கீழே ஷட்டர் போகக்கூடாது, க்ராப் சென்சாரில் பெருக்கிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 50 மி.மீ. என்றால் 1/80 நொடி. சில கேமராக்களில் உடலுக்குள்ளேயே அதிர்வு தடுப்பு உண்டு. தொடக்க நிலைக் கேமராக்கள் பலவற்றில், உதாரணமாகக் கேனன் ஆர்50, நிக்கான் இசட்50, சோனி ஏ6400 போன்றவற்றில் கிடையாது. பெயரில் எழுதியிருப்பதைப் படியுங்கள். கேனன் ஐஎஸ் என்று எழுதும், நிக்கான் விஆர், சோனி ஓஎஸ்எஸ், டாம்ரான் விசி, சிக்மா ஓஎஸ். ஒரே விஷயத்துக்கு ஏன் இத்தனை பெயர் என்று கேட்காதீர்கள்.

எந்த லென்ஸும் என் கேமராவில் மாட்டுமா?

மாட்டாது. பெரும்பாலும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனி மவுண்ட், அதிலும் கேனன், நிக்கான் போன்றவற்றில் பழையது புதியது என்று இரண்டு. கேனனில் டிஎஸ்எல்ஆர் மவுண்ட் 1987-இலிருந்து இஎஃப், மிரர்லெஸ் (உள்ளே அந்தக் கண்ணாடி இல்லாத புதிய வகை) மவுண்ட் 2018-இலிருந்து ஆர்எஃப். நிக்கானில் 1959-இலிருந்து எஃப் மவுண்ட், 2018-இலிருந்து இசட். டிஎஸ்எல்ஆர் லென்ஸை அடாப்டர் போட்டு மிரர்லெஸ்ஸில் மாட்டலாம், ஏனென்றால் மிரர்லெஸ்ஸில் லென்ஸுக்கும் சென்சாருக்கும் நடுவில் தூரம் குறைவு, அந்த இடைவெளியை அடாப்டர் நிரப்பிவிடும். மிரர்லெஸ் லென்ஸை டிஎஸ்எல்ஆரில் மாட்டவே முடியாது, அங்கே கண்ணாடி இருக்கிறது, கிட்டே போக இடமில்லை.

நிக்கான்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டி3000, டி5000 வரிசைக் கேமராக்களின் உடலில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய ஏஎஃப்-டி லென்ஸ் வாங்கி மாட்டினால் ஆட்டோ ஃபோகஸ் வேலை செய்யாது, கையால்தான் திருப்ப வேண்டும். பெயரில் ஏஎஃப்-எஸ் இருக்கிறதா என்று பாருங்கள்.

பிற்காலத்தில் ஃபுல் ஃபிரேமுக்குப் போவேன். இப்போதே அதற்கான லென்ஸை வாங்கிவிடலாமா?

வேண்டாம் என்பேன். 24-70 எஃப் 2.8 ஒன்றை ஆசையாக வாங்கி க்ராப் கேமராவில் மாட்டினால் அது 36-105 போலப் பார்க்கும். அகலம் போய்விட்டது, எடை மட்டும் மிச்சம். வராமலே போகக்கூடிய ஒரு கேமராவுக்காக இப்போது கையில் இருக்கும் கேமராவைப் பட்டினி போடுவது என்ன நியாயம்? அந்த நாள் வந்தால் இருப்பதை விற்றுவிட்டு மாற்றிக்கொள்ளலாம், நல்ல லென்ஸ் சீக்கிரம் மதிப்பிழக்காது.

பழைய லென்ஸ் வாங்கலாமா?

தாராளமாக. ஆனால் கையில் ஒரு டார்ச்சோடு போங்கள். அப்பர்ச்சரை (லென்ஸின் வாயை) முழுக்கத் திறந்து, பின்பக்கமிருந்து வெளிச்சம் அடித்து முன்பக்கம் சாய்வாகப் பாருங்கள். ஒன்றிரண்டு தூசி ஒன்றும் செய்யாது. சிலந்தி வலை போல, வேர் போல நூல் நூலாகத் தெரிந்தால் அது பூஞ்சை, விலை எவ்வளவு குறைத்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். நான் ஒரு முறை "லேசான கறைதான், துடைச்சா போயிடும்" என்ற பேச்சை நம்பி ஒன்றை வாங்கினேன். அது கண்ணாடியின் உள்பக்கத்தில் இருந்தது, துடைப்பதற்கு லென்ஸையே பிரிக்க வேண்டும். பிரிக்கக் கேட்ட கூலி லென்ஸின் விலையைத் தாண்டியது.

அப்புறம் ஒரு சமமான சுவரை நேருக்கு நேர் நின்று எடுத்து, நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு பக்கம் கூர்மை, மறுபக்கம் மங்கல் என்றால் உள்ளே கண்ணாடி நகர்ந்திருக்கிறது, எங்கேயோ விழுந்த லென்ஸ். ஜூம் வளையம் எங்காவது கரகரக்கிறதா, ஃபோகஸ் கிட்டேயும் தூரத்திலும் தடுமாறாமல் பிடிக்கிறதா என்றும் பாருங்கள். முன்கண்ணாடியில் ஒரு சின்னக் கீறல் இருந்தால் பயப்படாதீர்கள், படத்தில் பெரும்பாலும் தெரியாது, பேரம் பேச மட்டும் உதவும்.

வாங்கிய பிறகு இருட்டான, ஈரமான அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள், பூஞ்சைக்கு அதுதான் வேண்டும். காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள், ஈரப்பதம் 40-50 சதவீதத்தில் இருந்தால் நல்லது. அடிக்கடி வெளியே எடுத்துப் படம் எடுப்பது இன்னும் நல்லது.

பறவை, நிலா, பூச்சி?

முதல் லென்ஸின் வேலை இல்லை. பறவைக்கு 300-க்கு மேல், பூச்சிக்கு 1:1 மேக்ரோ (பொருளை அதன் நிஜ அளவிலேயே சென்சாரில் விழ வைக்கும் லென்ஸ்). ஆசை நிஜமா என்று ஆறு மாதம் பொறுத்துப் பாருங்கள். ஆனால் நீங்கள் கேமரா வாங்கியதே பறவைகளுக்காகத்தான் என்றால் இந்தப் பக்கம் முழுவதும் உங்களுக்கு இல்லை, நேராக நீள லென்ஸுக்குப் போங்கள்.

யூவி ஃபில்டர் போடச் சொல்கிறார்களே?

டிஜிட்டல் சென்சாருக்குப் புற ஊதாக் கதிரால் பெரிய தொந்தரவு இல்லை, அது பிலிம் காலத்துத் தேவை. கடல் தெறிப்பு, மணல்காற்று என்றால் காப்புக்குப் போடலாம். மற்ற நேரத்தில் லென்ஸ் ஹூட் (லென்ஸின் முன்னால் மாட்டும் மறைப்பு) போட்டால் எதிலாவது இடித்தாலும் தாங்கும், பக்கவாட்டு வெயிலையும் மறைக்கும். மலிவு ஃபில்டர் இரவில் விளக்குகளின் பேய் உருவத்தைப் படத்தில் கூட்டிவிடும், விலைகொடுத்து வாங்கிய லென்ஸுக்கு முன்னால் அதை ஏன் வைக்க வேண்டும்.

அடுத்த லென்ஸ் எப்போது, எது என்று எப்படித் தெரியும்?

உங்கள் படங்களே சொல்லும். ஒவ்வொரு படத்துக்குள்ளும் எந்தக் குவியத் தூரம், எந்த எஃப் எண், எந்த ஷட்டர் வேகம் என்று பதிவாகியிருக்கிறது. படங்களை அடுக்கும் மென்பொருள் பலவற்றில் குவியத் தூரத்தை வைத்துப் பிரித்துப் பார்க்கலாம். மூன்று நான்கு மாதப் படங்களை, அதிலும் நீங்கள் அழிக்காமல் வைத்துக்கொண்டவற்றை மட்டும், அப்படிப் பாருங்கள். எல்லாம் 55-இல் போய் முட்டி நிற்கிறதா, அப்போது நீளமானதை யோசிக்கலாம். எல்லாம் 18-இல் குவிந்திருக்கிறதா, 10, 12 மி.மீ. பக்கம் பாருங்கள். ஐஎஸ்ஓ 6400 என்று வரிசையாக இருக்கிறதா, எஃப் 1.8 பிரைம்.

நான் இப்படிப் பார்த்தபோது என்னிடம் 55-250 ஒன்று இருந்தது, அந்த விசேஷ வீட்டு அவமானத்துக்குப் பிறகு கிட் லென்ஸோடு சேர்த்து வாங்கியது. வைத்துக்கொண்ட படங்களில் பாதிக்கு மேல் 18-க்கும் 35-க்கும் நடுவில் இருந்தன. 200-க்கு மேல் இருந்தவை மொத்தம் பதினொன்று, பதினொன்றும் நிலா. அந்த லென்ஸை விற்றுவிட்டுத்தான் சிக்மா 18-50 வாங்கினேன்.